கேட்கும் முன்னமே கை தூக்கியவள்

போன ஞாயிறு வெள்ளவத்தை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கஜன், நீ ஒரு பழைய கதை எடுத்தாய், ஞாபகம்தானே. ஐந்தாம் வகுப்பில் நீ பந்தடித்து அலுமாரிக் கண்ணாடியை உடைத்தாயாம். நான் வேலையால் வந்து, ஒன்றும் பேசாமல் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, "செருப்புப் போட்டுக்கொண்டு நடவுங்கோ" என்று மட்டும் சொன்னேனாம்.

"அப்பா ஒரு நாளும் யார் செய்தது எண்டு கேட்டதில்லை, என்ன அக்கா?" என்றாய்.

"கேட்டிருந்தா உன்னை மாட்டிவிடலாம் எண்டு நான் கதவுக்குப் பின்னால காத்துக்கொண்டு நிண்டனான். மனுசன் சான்ஸே தரேல்லை" என்று, அனுஷா, நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தீர்கள். அம்மா மட்டும், "உங்கள் ரெண்டு பேரையும் கெடுத்ததே இந்த மனுசன்தான்" என்று சொல்லிச் சொதிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தா.

நானும் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கிற மேசையில் வைத்து அதை எப்படிச் சொல்லுவது? ஆகவே எழுதுகிறேன். ஓ.எல். வரைக்கும் படித்தவன் நான், அதிலும் கணக்குப் பாடம் போய்விட்டது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள். ஒழுங்காக விளங்கிய ஒரு விஷயத்தை நான் எழுதவில்லை. இன்றைக்கும் எனக்குப் பாதி விளங்காத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

நான் எங்கே வேலை செய்தேன் என்று உங்களுக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் "மெசின் பாஸ்", மெசின் திருத்துகிறவர், என்று மட்டும் சொல்லுங்கோ என்று அம்மா சொல்லித் தந்திருந்தா. அது பொய்யும் இல்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழே ஒரு தையல் மெசின் திருத்துகிற கடை இருந்தது. அங்கே கை பழகி, பிறகு கார்மெண்ட்ஸில் சில வருடம் மெக்கானிக்காக நின்று, அதன்பிறகுதான் பெண்கள் மறியலில், அதாவது சிறைச்சாலையில், தையல் கூடத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மெசின்களைப் பார்க்க வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்குத் தைக்கக் காட்டிக்கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

தையல் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவ ஒரு சிங்கள ஜெயிலர் அம்மா. நாங்கள் மெடம் என்போம். கட்டையான மனுசி. கதிரையில் உட்கார முன் எப்போதும் லேஞ்சித் துணியால் அதைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவா. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பா. பதில் வரும்வரைக்கும் சுவரைத்தான் பார்ப்பா. கத்துகிற மேலதிகாரிகளோடு நான் வேலை செய்திருக்கிறேன். இந்த அம்மாவின் சுவரைக் கண்டுதான் எனக்குப் பயம்.

முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் சொன்னா. "பாஸ், அவர்களுக்குப் பின்னால் நடக்க வேண்டாம். தையலைப் பார்க்கப் பின்னால் போகத்தான் வேண்டும் என்றால், முதலில் வருகிறேன் என்று சொல்லிப் போங்கள். யாருடைய தோளிலும் கை வைக்க வேண்டாம். கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க வேண்டாம். உங்கள் கையை மெசினில் வைத்துக் காட்டுங்கள், அவர்கள் பார்த்துப் பழகட்டும்."

ஏதும் குத்திப்போடுவார்கள் என்று எனக்காகத்தான் சொல்லுகிறா என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பானரை மேசையில் தட்டித் தட்டித்தான் நடப்பேன். "பாஸ் அண்ணே வாறார், மணி அடிச்சுக்கொண்டு ஐஸ்கிறீம்காரன் மாதிரி" என்று ரோஸி சொல்லுவாள். ரோஸி எங்கள் கொட்டாஞ்சேனைக்காரி. வாயும் பெரிது, கையும் நீளம். யாராவது கிட்ட வந்து நின்றால் முதலில் அடித்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பாள்.

கூடத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய சாமான் ஊசி. வெளியே கடையில் ஊசி உடைந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவார்கள். இங்கே அப்படி இல்லை. ஊசி உடைந்ததும் அந்தப் பிள்ளை மோட்டரை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் காலை அசைக்கக் கூடாது. நான் ஒரு தடியில் கட்டிய காந்தத்தை நிலத்தில் இழுத்துக்கொண்டு வந்து துண்டைத் தேடுவேன். அடித்துண்டும் முனையும் சேர்ந்து பொருந்துகிறதா என்று மெடத்தின் மேசையில் வைத்துப் பார்த்து, ஒரு மட்டையில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். முனை கிடைக்காவிட்டால் கதவு பூட்டுப்படும். என்னை வெளி விறாந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் காவலர்கள் ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் உடம்பைச் சோதிப்பார்கள்.

அந்த நேரம் கூடத்துக்குள் என்ன நடக்கும் என்று நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். ஒருத்தி சிரிப்பாள், நிறுத்த முடியாமல் சிரிப்பாள். ரோஸி தூஷணத்தில் ஏசுவாள். ஒரு வயதான அம்மா தேவாரம் மாதிரி ஏதோ முணுமுணுப்பா. ஒரு சோதனைக்கு ஏன் இப்படி? எனக்கு விளங்கவில்லை. துறைமுக வேலைக்குப் போகிறவர்களை வாசலில் தட்டிப் பார்க்கிறார்கள்தானே, அவர்கள் என்ன அழுகிறார்களா என்று யோசிப்பேன்.

இனிப் புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவளின் உண்மைப் பெயர் இல்லை.

மலையகத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்று, அந்த வீட்டுச் சங்கிலியைக் களவெடுத்தாள் என்று தண்டனை. கோர்ட்டில் குற்றத்தைத் தானே ஒத்துக்கொண்டவள். அவளுக்கு ஒரு மகள், நிஷா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது வயது. கொட்டாஞ்சேனையில் புஷ்பத்தின் அக்கா கமலாவோடு பிள்ளை இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை கமலா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவா. அவர்கள் வர முந்திய கிழமை முழுக்கப் புஷ்பத்தின் தையல் நேர்கோடாக வரும். வந்து போன அடுத்த நாள் கோணும்.

அவள் ஜன்னலோரம், முதுகு சுவரில் முட்டுகிற இடத்தில்தான் இருப்பாள். வேறு மெசினுக்கு மாற்றினால் வேலை ஓடாது. நல்ல கை. ஆனால் ஒரு விசித்திரம். என்ன காணாமற்போனாலும் கேட்கும் முன்னமே கை தூக்குவாள். ஒருநாள் என்னுடைய குறடு காணவில்லை. "குறடை யார் பார்த்தது?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். "நான்தாண்ணே எடுத்தேன்" என்று எழும்பி நின்றாள். குறடு என் கால்சட்டைப் பின் பொக்கற்றில் இருந்தது. இன்னொரு நாள் தையற்காரச் சோக்கட்டி. அதுவும் அவள்தான். அது ரோஸியின் காலுக்குக் கீழே தூளாகக் கிடந்தது.

ரோஸி விடுவாளா? "பாஸ் அண்ணே, இண்டைக்கு மழை வரேல்லையாம். புஷ்பம் எடுத்து வச்சிருக்கிறாள், கேட்டுப் பாருங்கோ" என்பாள். கூடமே சிரிக்கும். புஷ்பமும் சிரிப்பாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் மூளை குறைந்த பிள்ளையாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அளவெடுத்து வெட்டுவதில் அவளைப் போல ஒருத்தி அங்கே இல்லை. பிறகு எப்படி மூளை குறைவு என்று சொல்லுவது?

ஒரு நாள் காலை ரோஸியின் மெசினில் ஊசி உடைந்தது. அடித்துண்டு மெசினிலேயே இருந்தது. முனையைக் காணவில்லை. காந்தத்தை இழுத்து இழுத்துப் பார்த்தேன். நூல்குப்பையைக் கொட்டிப் பார்த்தோம். இல்லை. மெடம் கதவைப் பார்த்தா. காவலர்கள் திரையைக் கட்டத் தொடங்கினார்கள். நான் விறாந்தைக்குப் போக எழும்பினேன்.

"நான்தாங்க மெடம் எடுத்தேன்."

புஷ்பம் எழும்பி நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"எங்கே இப்போது?" மெடம் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தா.

"ஜன்னலால சாக்கடக் கானுக்குள்ள எறிஞ்சிட்டேன்."

ரோஸியின் மெசின் கூடத்தின் அந்தக் கடைசித் தொங்கல். புஷ்பத்தின் ஜன்னல் இந்தத் தொங்கல். இடையில் அவள் எழும்பி நடந்ததை ஒருவரும் காணவில்லை. ஆனால் ஒருத்தி ஒத்துக்கொண்டால் விசாரணை முடிந்தது. திரையைக் கழற்றினார்கள். சோதனை இல்லை. ரோஸி என் காதில் படும்படி, "விசர் பிடிச்சவள்" என்றாள். ஆனால் அதை நன்றி சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

ஊசிமுனையை ஒளிப்பது அங்கே பெரிய குற்றம். புஷ்பத்தின் பார்வையாளர் நாட்கள் நிறுத்தப்பட்டன. அதாவது நிஷாவைப் பார்க்க முடியாது.

சில நாள் கழித்து ரோஸியின் மெசின் ஒயில் கக்குகிறது என்று தலையைச் சரித்துத் திறந்தேன். அடியில் ஒயில் தட்டு இருக்கும். பஞ்சும் நூல்பொடியும் ஒயிலும் சேர்ந்து களியாகக் கிடந்ததை வழித்து எடுத்தபோது விரலில் குத்தியது. முனை. ஊசி இறங்குகிற தகட்டின் ஓட்டையால் கீழே விழுந்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை, யாரும் எறியவில்லை. ஒரு சின்ன இரும்புத்துண்டு விழ வேண்டிய இடத்தில் விழுந்து கிடந்திருக்கிறது.

சந்தோஷத்தோடு மெடத்திடம் கொண்டு ஓடினேன். மட்டையில் ஒட்டியிருந்த அடித்துண்டோடு வைத்துப் பார்த்தா. பொருந்தியது. புஷ்பத்தைக் கூப்பிட்டா. தமிழ் தெரிந்த காவலர் லீவு, ஆகவே நான்தான் நடுவில் நின்று இந்தப் பக்கம் சிங்களமும் அந்தப் பக்கம் தமிழுமாகக் கதைத்தேன்.

"முனை கிடைத்துவிட்டது. மெசினுக்குள்தான் இருந்தது. நீ எடுத்தாயா?"

"ஆமாங்க மெடம்."

"என்ன ஆம்? இதோ இருக்கிறது. நீ கானுக்குள் எறிந்தது எது?"

"முனைதாங்க."

"ஒரு ஊசிக்கு எத்தனை முனை, பாஸ்?" என்று மெடம் என்னிடம் கேட்டா. அந்த அம்மா பகிடி விட்டு நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அது பகிடி இல்லை என்றும் இப்போது நினைக்கிறேன்.

புஷ்பம் மேசையில் இருந்த முனையைப் பார்த்துக்கொண்டே, தான்தான் எடுத்தது என்றாள். மெடம் அவளைப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னா: "அவள் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் எடுத்தேன் என்று சொல்லுகிறவளை எடுக்கவில்லை என்று நான் எழுத முடியாது. அவள் வாயால் வர வேண்டும். வந்தால் அன்றைக்கே பிள்ளையைப் பார்க்க விடுகிறேன்."

நான் வீட்டுக்கு வந்து அன்றிரவு சாப்பிடவில்லை. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளையைப் பார்க்க ஒரு சொல்தான் தேவை, அதுவும் உண்மையான சொல். அதைச் சொல்ல ஒருத்திக்கு ஏன் முடியாது? பொய் சொல்லித் தப்புகிறவர்களை எனக்குத் தெரியும். பொய் சொல்லி மாட்டுகிறவளை நான் கண்டதில்லை.

அடுத்த நாள் அவளுடைய மெசினின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே கேட்டேன். காவலர் எட்டி நின்றா. புஷ்பம் துணியை மடித்துக்கொண்டு, யாரோ ஒரு மூன்றாம் ஆளின் கதையைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

"எட்டு வயசுல என்னைய கொழும்புக்குக் கூட்டியாந்தாங்கண்ணே. வெள்ளவத்தையிலதான், ஆனா வேற வீடு, கடல் பக்கம் ஒரு ஒழுங்க ரோட்டுல. படிக்க வைக்கிறோம், வீட்டு வேலைக்குச் சும்மா ஒத்தாசையா இருக்கட்டும்னு சொன்னாங்க. அந்த வீட்டுல ஏதாச்சும் காணாமப் போகும். கரண்டி, தோடு, காசு, ஏதாச்சும். நான் எடுக்கலன்னு சொன்னா, சரி தேடிப் பார்ப்போம்னு சொல்லுவாங்க. தேடுறது அந்த வீட்டு ஐயா. கதவ சாத்திட்டுத் தேடுவாரு."

துணியின் மடிப்பைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எடுத்தேன்னு சொல்லிட்டா அந்த வீட்டு அம்மா அடிப்பாங்க. அடியோட முடிஞ்சிரும். தேட மாட்டாங்க. அதுக்கு மேல கேக்காதீங்கண்ணே."

நான் கேட்கவில்லை. பெல்ட் ஏற்கெனவே இறுகியிருந்தது. நான் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் கழித்து, "அப்ப அந்தச் சங்கிலி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ தெரியாது.

"பொலிஸ்ல கேட்டாங்க, ஆமான்னேன். கோர்ட்டுல கேட்டாங்க, ஆமான்னேன். எங்க வித்தன்னு கேட்டாங்க, ஒரு கடையச் சொன்னேன். இப்ப யோசிச்சா எடுத்த மாதிரியே ஒரு ஞாபகம் இருக்குண்ணே. பாரம் கூடக் கையில தெரியுது. எடுத்தேனோ என்னமோ."

பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் நான் இன்னும் நிற்கிறேன். அவள் களவெடுத்தவளா, இல்லையா? அவளுக்கே தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியும்? நீதவானையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தி ஆம் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

கிழமையில் ஒருநாள் அந்தப் பெண்களோடு இருந்து கதைக்க ஒரு மிஸ் வருவா. அவவிடம் கேட்டேன். "பாஸ், இந்தக் கூடத்தில் சின்ன வயதில் யாருடைய கையாலும் சீரழியாத ஒருத்தியைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகத் தப்பப் பழகியிருக்கிறார்கள். ரோஸி முதலில் அடிக்கப் பழகினாள். சிரிக்கிறவள் சிரிக்கப் பழகினாள். புஷ்பம் ஒத்துக்கொள்ளப் பழகினாள். சின்ன வயதில் காப்பாற்றின அதே பழக்கம்தான் பெரிய வயதில் இங்கே கொண்டுவந்து விட்டது" என்றா.

அதைக் கேட்ட பிறகு கூடத்தில் நடக்கவே எனக்குக் கால் கூசியது. பின்னால் நடக்க வேண்டாம் என்று மெடம் முதல் நாள் சொன்னது எனக்காக இல்லை, அவர்களுக்காக என்று அன்றைக்குத்தான் என் மூளையில் ஓடியது. ஆனால் அதோடு எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அங்கே தன் சொந்தப் பிள்ளைக்குச் சூடு வைத்தவளும் இருந்தாள். அவளுக்கும் சின்ன வயதில் சூடு வைத்திருக்கிறார்கள். அவள் எந்தப் பக்கம்? அவளின் மெசினுக்கு ஒயில் விடும்போது பாவம் பார்ப்பதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியாது. ஒயிலை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உங்களிடம் யார் செய்தது என்று கேட்பதை நான் நிறுத்தியது அந்தக் கிழமைதான். அதற்கு முன் நானும் கேட்கிற ஆள்தான். அனுஷா, நீ மூத்தவள், உனக்கு ஞாபகம் இருக்கும்.

பார்வையாளர் நாள் வந்தது. தடை போட்டதைக் கமலாவுக்கு யாரும் சொல்லவில்லை. நிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றா. நான் உள்ளே போகும்போது, புஷ்பத்தைக் காட்ட மாட்டார்களாம் என்று அழுகிற குரலில் காவலரோடு கதைத்துக்கொண்டிருந்தா. தமிழ்க் குரல் கேட்டு நின்றேன்.

"நான் இன்னிக்கு அவகிட்ட ஒரு விசயம் சொல்லியே ஆகணுங்க. புள்ளைய நுகேகொடையில ஒரு நல்ல வீட்டுல விடப்போறேன். படிக்க வைக்கிறாங்களாம். சும்மா ஒத்தாசையா இருந்தாப் போதுமாம்."

எனக்குக் கையில் இருந்த சாமான் பை பாரமாகப் போய்விட்டது. புஷ்பம் தன் அக்காவிடம் ஒரு நாளும் ஒன்றும் சொல்லவில்லை என்பது கமலாவின் முகத்திலேயே தெரிந்தது.

"ஏன் அனுப்புறீங்கள்?" என்றேன்.

"நானும் வேலைக்குப் போறவ. தனியா வச்சிருக்கப் பயமா இருக்கு. போன வாரம் பக்கத்து வீட்டுல ஒரு தோடு காணல. இவ போயி நான்தான் எடுத்தேன்னு நிக்கிறா. பொறகு பார்த்தா அது அவுங்க மெத்தைக்குக் கீழ கெடக்கு. எடுக்காதத ஏண்டி எடுத்தேன்னு சொன்னன்னு கேட்டா, வாயத் தொறக்க மாட்டா. தாயப் போலத்தான் வரப்போறா. நான் ஒரு நாளும் இவமேல கை வச்சதில்லங்க, சத்தியமா."

பிள்ளை பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல். பள்ளிக்கூட றிபன்.

நான் நேரே மெடத்திடம் போய் இதைச் சொன்னேன். மெடம் லேஞ்சியை எடுத்தா, கதிரையைத் தட்டாமலே வைத்துவிட்டா. பிறகு, "மூன்று பேரையும் என் அறைக்குக் கொண்டுவாருங்கள். இது பார்வை இல்லை, விசாரணை. விசாரணைக்கு நான் யாரையும் கூப்பிடலாம்" என்றா.

புஷ்பத்தை ஒரு பக்கத்தால் கூட்டிவந்தார்கள். மகளைக் கண்டதும் அவளின் கை தானாக முன்னால் வந்தது. பிறகு பின்னால் போய்விட்டது. மெடம் மேசையில் அந்த ஊசித்துண்டுகள் ஒட்டிய மட்டையை வைத்தா. அன்றைக்கு என்னை மொழிபெயர்க்க விடவில்லை. எல்லோருக்கும் விளங்குகிற சின்னச் சிங்களத்தில், மெல்லமாக, ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"இதை எடுத்தது யார்?"

கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தா.

புஷ்பம் வாயைத் திறந்தாள். சத்தம் வர முதல் கீழே இருந்து வேறொரு சத்தம் வந்தது.

"நான்தான் எடுத்தேன்."

நிஷா. கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், வகுப்பில் டீச்சர் கேட்டதற்குத் தூக்குகிற மாதிரி. ஊசி எங்கே, இந்தப் பிள்ளை எங்கே? அந்தக் கூடத்தைக்கூட அவள் கண்டதில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கேட்டதும் எழும்பி நின்றுவிட்டாள்.

கமலா, "அடி பாவி" என்று வாய்க்குள் சொன்னா. மெடம் சுவரில் இருந்து கண்ணை எடுத்துவிட்டா. கேட்ட ஆளின் பதில் வர முதல் அந்த அம்மா கண்ணை எடுத்தது அன்றைக்குத்தான்.

புஷ்பம் குனிந்து பிள்ளையின் தூக்கிய கையைப் பிடித்தாள். பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"இல்ல. நீ எடுக்கல" என்றாள். பிறகு நிமிர்ந்து மெடத்தைப் பார்த்து, "அவ எடுக்கல மெடம்" என்றாள். மட்டையில் ஒட்டியிருந்த முனையைப் பார்த்தாள். "நானும் எடுக்கல."

மெடம் பேனையைத் திறந்து எழுதினா. எழுதி முடித்துவிட்டு, கேட்க வேண்டும் என்று கேட்டாவோ தெரியாது, "அப்படியென்றால் சங்கிலி?" என்றா.

"அது எனக்குத் தெரியல மெடம். நெசமாவே தெரியல."

மெடம் அதை எழுதவில்லை. அதை எழுத அவவின் தாளில் இடம் இருக்கவில்லை. பேனையை மூடிவிட்டு, "பிள்ளையோடு இருந்து கதைக்கச் சொல்லுங்கள், பாஸ்" என்றா.

நான் வெளியே வந்து விறாந்தையில் நின்றேன். கதவுக் கண்ணாடியால் தெரிந்தது. புஷ்பம் கதைத்தது மகளோடு இல்லை, அக்காவோடு. பிள்ளையின் இரண்டு காதையும் தன் கையால் பொத்திக்கொண்டு கதைத்தாள். கமலா முதலில் தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்றா. பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டா. பிறகு கமலா நிலத்தில் குந்திவிட்டா.

பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? தாய் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியம்மா அடிக்கவில்லை. பொலிஸ் வந்து தாயைக் கொண்டுபோன அன்றைக்குக் கதவோரம் நின்று பார்த்துப் பழகினாளோ? மிஸ்ஸிடமும் கேட்டேன். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றா. இவ்வளவு காலம் யோசித்தும் எனக்கு அந்த முடிச்சு அவிழவில்லை.

அவர்கள் போகும்போது நானும் கூடவே வாசல்வரை போனேன். எதிரே இருந்த கடையில் கமலா ஃபோனைக் கொடுத்து வைத்திருந்தா. அதை வாங்கி அங்கேயே நின்று அந்த நுகேகொடை வீட்டு அம்மாவுக்கு அடித்தா. ரோட்டில் பஸ் ஹோர்ண் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு உரக்கக் கதைத்தா.

"நோனா, நான் கமலா. புள்ள வராது நோனா... இல்ல, சுகமில்லாம ஒண்ணும் இல்ல... சம்பளத்துக்காகவும் இல்ல... காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல நோனா. வராது."

ஃபோனைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தா. நிஷா அண்ணாந்து பார்த்தாள்.

"பெரியம்மா, நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல" என்றா கமலா. "வா, பஸ் வருது."